முயல் இணை ஒன்று

வளம் நிலைக்க. வாழ்வு தழைக்க.

கயலாறு இரு கரையும் தொட்டு ஓட, வடகரையின் தினைப்புனங்களில் கதிர் முற்றிச் சாய, வேங்கைக்கோட்டையின் கொடி எக்காலும் தாழாதிருக்க, வடகரை நாடு முழுதுடைய பெருந்தேவியும் நெடுங்கோ மன்னரின் மூத்த திருமகளாருமாகிய ஆம்பல்நங்கையார் திருவடிகளுக்கு, தென்கரை நாட்டுத் தலைமை அமைச்சன் மூலங்கிழான் ஆதன்சாத்தன், தன் தேவியாரும் தங்களுக்கு இளையவருமாகிய தும்பைநங்கையாரின் ஆணைப்படி, கயலாற்றின் நடுவிலுள்ள ஆற்றிடைக்குறையிலிருந்து வணங்கி எழுதும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பருவம் தவறாது பெய்க. குடிகள் நோயின்றி வாழ்க. கோட்டை வாயிற்காவலரும் நீடு வாழ்ந்து, இவ்வோலையைத் திருப்பிவிடாமல் உள்ளே விடுவார்களாக.

காவலரையும் சேர்த்து வாழ்த்தியதற்குக் காரணம் உண்டு. தென்கரையிலிருந்து சென்ற மூன்று ஓலைகள் அவ்வாயிலோடு திரும்பின. அம்மூன்றிலும் எல்லையும் படகுத்துறையும் மீன்பிடி உரிமையும் பற்றி நான் அழகாகத்தான் எழுதியிருந்தேன். நான்காவது ஓலையை என் தேவியார் தாமே எழுதினார். அதில் இருந்தவை இரண்டே சொற்கள்: வரகு நலமா? அதற்கு மறுமொழியாகத் தாங்கள், தங்களிடம் வளரும் ஆண்முயலாகிய வரகையே கூடையில் வைத்து, முயற்காவலி கொற்றியின் கையில் கொடுத்து அனுப்பினீர்கள். அத்துடன் ஒரு நிபந்தனையும் வந்தது. அடுத்த முழுநிலவுக்குள் வரகும் எங்களிடம் வளரும் பெண்முயல் பூளையும் ஒரே கலத்தில் உண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்குமாயின், தாங்களே ஆற்றைக் கடந்து வந்து காண்பீர்கள் என்றும், குருதி சிந்துமாயின் வரகை அன்றே திருப்பி அனுப்பிவிட்டு அதன்பின் ஓலை எதுவும் விடுக்க வேண்டா என்றும் அதில் கண்டிருந்தது. முழுநிலவுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நடந்தது அனைத்தையும், எனக்குப் பெருமை தராதவற்றையும் விடாமல், கீழே எழுதியுள்ளேன்.

முதற்பிழை என்னுடையது. ஆற்றைக் கடந்து தென்கரை அரண்மனைக்கு வரும் எவருக்கும் மங்கல நீராட்டு நிகழ்த்துவது எங்கள் வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தூதன் திரும்பினாலும் யானை திரும்பினாலும் மஞ்சள் நீரும் சந்தனமும் அகிற்புகையும் உண்டு. வரகு அவ்வரண்மனையில் பிறந்தவன். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்புகிறவன். அவனுக்கு மரியாதையில் குறை வைத்தால் வடகரை என்ன நினைக்கும் என்று எண்ணி, முறைப்படி நீராட்டுமாறு நானே ஆணையிட்டேன். தடுத்திருக்கக்கூடியவள் கொற்றி ஒருத்திதான். அவளும் ஆற்றைக் கடந்து வந்தவள் ஆதலால், அந்நேரம் அவளுக்கும் மகளிர் மாடத்தில் மஞ்சள் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நனைந்த முயலைப் பருத்தித் துணியால் துடைத்து, புகை காட்டி, நெற்றியில் சந்தனம் இட்டு, இசைக்கலைஞர் எழுவர் முன்செல்ல, பூளை வாழும் பூங்கா மூலைக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கினோம். பிறந்த நாள் முதல் ஒன்றாய் வளர்ந்தவை ஆயிற்றே, கண்டதும் உருகிவிடும் என்று அவையோர் அனைவரும் காத்திருந்தோம். பூளை ஒரு கணம் மூக்கை அசைத்தாள். அடுத்த கணம் அவள் காதுகள் பின்னே படிந்தன. அதன்பின் வெள்ளையும் பழுப்புமாக ஒரு பந்து பூங்கா முழுதும் உருண்டதை மட்டுமே எங்களால் காண முடிந்தது. மயிர் பஞ்சாய்ப் பறந்தது. இசைக்கலைஞரில் ஒருவர் மட்டும், யாரும் நிறுத்தச் சொல்லாத காரணத்தால், இறுதிவரை வாசித்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிச் சென்று இடையில் கையை விட்டேன். குருதி சிந்தியது உண்மை. ஆயினும் தேவியார் இவ்விடத்தில் ஓலையை மடித்துவிடாமல் மேலே படிக்க வேண்டுகிறேன். சிந்தியது என்னுடைய குருதி. வலக்கைப் பெருவிரலில் பூளையின் பற்கள் நன்றாகவே இறங்கின. முயல்கள் இரண்டுக்கும் மயிர் இழப்பன்றி வேறு காயம் இல்லை என்பதற்குக் கொற்றியே சாட்சி. தங்கள் ஓலை யாருடைய குருதி என்று குறிக்கவில்லை. இதை வாதமாக முன்வைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வைக்கிறேன். எழுத்து சற்றுச் சாய்ந்திருப்பதற்கும் அவ்விரலே காரணம்.

தலை துவட்டியும் துவட்டாமலும் ஓடிவந்த கொற்றி, வரகை அள்ளி எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தங்கள் அவையில் அவள் எவ்வாறு பேசுவாள் என்று அறியேன். எங்கள் அவையில் எவருக்கும் அஞ்சவில்லை. முயலை நனைப்பது அதன் உயிருக்கே ஆபத்து என்பது அமைச்சருக்குத் தெரியாதா என்று கேட்டாள். முயலுக்கு முகம் என்பதே அதன் மணந்தான். அதைக் கழுவித் துடைத்து வேறொரு மணத்தைப் பூசி, அயலானாக்கிப் பெண்ணின் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, அவள் ஏன் அடித்தாள் என்று விழிப்பது என்ன நியாயம் என்றும் கேட்டாள். நான் கடிபட்ட விரலை மறைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அவை கூடியது. அரண்மனைக் கணியர், இது உடைந்த உறவு என்றும் இனி ஒட்டாது என்றும் நாள்கோள் பார்த்துச் சொன்னார். படைத்தலைவர், இரண்டையும் ஒரே பல்லக்கில் அடைத்துக் கரடுமுரடான பாதையில் குலுக்கிக்கொண்டு போனால் அச்சத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்றார். என் தேவியார் இருவரையும் பொறுமையாகக் கேட்டார். படைத்தலைவரிடம், நடுங்குகிற உயிர் பக்கத்தில் எது இருந்தாலும் பற்றிக்கொள்ளும், அதை அன்பென்று வடகரைக்கு எழுத என்னால் ஆகாது என்றார். பிறகு கொற்றியை அருகழைத்து, இனி முயல்களைப் பொறுத்தவரை நாட்டின் அமைச்சர் அவளே என்று அறிவித்தார். நான் எழுந்து இடம் விட்டேன்.

கொற்றியின் முதல் ஆணை, அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும் என்பது. பூங்கா பூளையின் நாடு. அவள் தன் தாடையை உரசி எல்லையிடாத செடி அங்கே ஒன்றுகூட இல்லை. இருவருக்கும் சொந்தமில்லாத மண் வேண்டும் என்றாள். அப்படிப்பட்ட மண் இரு நாட்டுக்கும் சேர்ந்து ஒன்றே உண்டு. பாகப்பிரிவினையின்போது எக்கரைக்கும் எழுதப்படாமல் விடுபட்ட இந்த ஆற்றிடைக்குறை. படகோட்டிகள் இளைப்பாறும் பழைய மண்டபத்தைக் கூட்டித் தள்ளி, நடுவே மூங்கில் தட்டி இரண்டை நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்தி, வரகை ஒருபுறமும் பூளையை மறுபுறமும் விட்டோம். மூக்கு தெரியும், மணம் போகும், பல் எட்டாது. என் தேவியாரும் அரசியல் அலுவல்களை இங்கேயே மாற்றிக்கொண்டார். வழக்குரைக்க வந்தவர்கள் முயற்புல்லின் நடுவே நின்று முறையிட்டார்கள்.

முதல் நாள்களில் பூளை முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். தட்டியின் அப்பக்கத்தில் வரகு சுற்றிச் சுற்றி வந்து களைத்துப் படுப்பான். ஒருநாள் விட்டு ஒருநாள் இருவரின் வைக்கோற் படுக்கையை மாற்றிப் போடுவாள் கொற்றி. பிறகு இருவரின் பக்கங்களையே மாற்றினாள். வரகின் வைக்கோலைப் பூளை காலால் உதைத்துத் தள்ளியபோது என் தேவியார் முகம் சுண்டிப் போனது. அவரைத் தேற்றவோ வேறெதற்கோ, கொற்றி வேங்கைக்கோட்டைச் செய்தி ஒன்றைச் சொன்னாள். பிரிந்து வந்த முதல் மாதம் வரகு உண்ணாமல் கிடந்தபோது, பெருந்தேவியார் தம் கையாலேயே இலவம் பஞ்சை வெள்ளைத் துணியில் பொதிந்து, முயல் அளவில் தலையணை ஒன்று தைத்து அவன் பக்கத்தில் வைத்தார் என்றும், அவன் அதன்மேல் சாய்ந்த பிறகே புல் தின்றான் என்றும் கூறினாள். என் தேவியார், தையல் எப்படி இருந்தது என்று வினவினார். ஒரே கோணல் என்று கொற்றி சொன்னதும், தேவியார் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் பூளை, வரகின் வைக்கோலில் படுத்தாள். பன்னிரண்டாம் நாள் தட்டியின் இருபுறமும் ஒரே நேரத்தில் அகத்திக்கீரை வைத்தபோது, இருவரும் நேருக்கு நேர் அமர்ந்து தின்றார்கள். அதற்கு மறுநாள் தட்டியை எடுத்தோம். ஒரு நாழிகையில் கால்பங்கு நேரம், அவ்வளவே. இடையில் கை விடலாகாது என்று என் கையில் ஒரு முறத்தைக் கொடுத்தாள் கொற்றி. சண்டை மூண்டால் அதை நடுவே செருக வேண்டும். துரத்துவதும் மேலேறி அதிகாரம் காட்டுவதும் ஒரு கொத்து மயிரைப் பிடுங்குவதும் இருக்கத்தான் செய்யும், அவை வீட்டுப் பேச்சு, பொறுத்துக்கொள்ள வேண்டும். காது படிந்து, வால் நிமிர்ந்து, ஒன்றையொன்று வட்டமிட்டால் மட்டுமே முறம் என்று விதித்தாள். எட்டு நாட்டு மன்னர்களுக்கு நடுவே நின்று உடன்படிக்கை எழுதியவன் நான். முறத்தோடு குந்தியிருந்த அந்த நாள்களில் பட்ட பாடு அங்கெல்லாம் பட்டதில்லை.

இரண்டு முறை முறம் செருகினேன். ஒரு முறை அவசரப்பட்டுச் செருகிக் கொற்றியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு வந்த நாள்களில் சண்டையும் இல்லை, நட்பும் இல்லை. இருவரும் மண்டபத்தின் இரு மூலைகளில் அமர்ந்து, மற்றவர் இருப்பதே தெரியாதது போல முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நம்பிக்கை போயிற்று. கொற்றிக்கோ அப்போதுதான் நம்பிக்கை வந்தது. பகைவனை வைத்துக்கொண்டு எந்த முயலும் முகம் கழுவாது என்றாள்.

இருபத்தைந்தாம் நாள் காலை வரகு எழுந்து, ஒவ்வோர் அடியாக நகர்ந்து பூளையிடம் வந்து, தலையைத் தரையோடு தாழ்த்தி அவள் தாடைக்கடியில் நீட்டினான். பூளை அசையவில்லை. அவள் கடித்துவிடுவாள் என்று எண்ணி முறத்தைத் தூக்கினேன்; கொற்றி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பூளை குனிந்து அவன் நெற்றியை நக்கினாள். பிறகு காதை, பிறகு கண்ணோரத்தை, பிறகு மறு காதை. இரண்டு ஆண்டு நக்காமல் விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடுபவள் போல நக்கினாள். அதன்பின் வரகு திடீரென்று பக்கவாட்டில் தொப்பென விழுந்து, கால்களை நீட்டி, வெள்ளை வயிறு தெரியக் கண்சொருகிக் கிடந்தான்.

தேவியாரே, அவன் இறந்துவிட்டான் என்றே நான் கருதினேன். மருத்துவரை அழைத்து வருமாறு நான் இட்ட கூச்சலில் ஆற்றங்கரை நாரைகள் எழுந்து பறந்தன. முயல் அப்படி விழுந்து கிடப்பது அச்சம் முற்றும் நீங்கியதற்கு அடையாளம் என்று கொற்றி விளக்குவதற்குள், மருத்துவர் பாதி ஆற்றைக் கடந்துவிட்டார். என் கூச்சலுக்கும் வரகு கண் திறக்கவில்லை. பூளை அவன் முதுகோடு முதுகு சாய்ந்து தானும் கண்ணை மூடினாள்.

அவ்வேளையில் என் தேவியார் ஒரு சொல் சொன்னார். இரண்டு ஆண்டுகளாக அவையிலும் தனிமையிலும் தங்களை ‘வடகரையார்’ என்று மட்டுமே குறித்து வந்தவர், அன்று தரையில் அமர்ந்தபடியே, இதை அக்கா பார்க்க வேண்டுமே என்றார்.

அச்சொல்லைக் கேட்டபின் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஏன் என்பதை இனி எழுதுகிறேன். இவ்வோலையின் பொருள் உண்மையில் இதுவே.

தங்கள் தந்தையார் தம் இறுதி நாள்களில் எழுதிய பாகப்பிரிவினை ஓலை என் காவலில் இருக்கிறது. யானை பாதி, குதிரை பாதி, நெற்களஞ்சியம் பாதி, காடு பாதி என்று ஒவ்வொன்றையும் அவர் பிரித்திருக்கிறார். முயல்களுக்கு மட்டும் ‘முயல் இணை ஒன்று’ என்று எழுதி நிறுத்திவிட்டார். பாதி என்ற சொல் அங்கே இல்லை. மன்னர் களைப்பில் மறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, நான் படியெடுத்த ஓலையில் ‘முயல் இரண்டு, ஆளுக்கு ஒன்று’ என்று திருத்தி எழுதினேன். எண்ணிக்கை சரியாக வந்ததில் எனக்கு மகிழ்ச்சிகூட உண்டாயிற்று.

பிரித்த அன்று தாங்கள் என்னைத் தனியே அழைத்து, முயல்களைப் பிரிக்கக் கேட்டவள் தும்பையா என்று வினவினீர்கள். என் பிழை வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சி, இருவர் மனமும் அறிந்தே செய்யப்பட்டது என்று மழுப்பினேன். அன்று மாலையே என் தேவியாரும் அதே வினாவைத் தங்கள் பெயர் சொல்லிக் கேட்டார். அவரிடமும் அதே மழுப்பலையே சொன்னேன். பாதி நாடு பிரிந்ததற்குக் கலங்காத தமக்கையும் தங்கையும், ஒரு முயலைக்கூட விட்டுக்கொடுக்காதவள் மற்றவள் என்று எண்ணி அன்று முதல் முகம் திருப்பிக்கொண்டீர்கள். பிரிக்குமாறு அவரும் கேட்கவில்லை, தாங்களும் கேட்கவில்லை. கேட்காமலே பிரித்தவன் நான். வரகின் மேல் நான் பூசிய சந்தனம் பத்தே நாளில் மங்கிப்போயிற்று. அந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டு ஆண்டுக்காலம் தங்கள் இருவர் மேலும் அழியாமல் வைத்திருந்தேன்.

நேற்று இதனை என் தேவியாரின் முன் மண்டியிட்டுச் சொன்னேன். இலச்சினை மோதிரத்தையும் கழற்றி வைத்தேன். அவர் முயல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் அவர் இட்ட ஆணையை, அவர் சொன்னவாறே கீழே எழுதுகிறேன்.

பிழை இருவருக்கும் இழைக்கப்பட்டது. ஆதலால் ஒருத்தி மட்டும் அமர்ந்து தண்டனை விதிக்க முறையில்லை. அமைச்சன் ஆதன்சாத்தன் தன் குற்றத்தைத் தானே எழுதி மூத்தவரின் திருமுன் விடுக்க. முழுநிலவு நாளில் ஆற்றிடைக்குறை மண்டபத்தில் ஒரே பாயில் இருவரும் அமர்ந்து தீர்ப்பளிக்கும்வரை, மோதிரமின்றி, முறத்துடன் அவன் முயற்பணி செய்க. அன்று மண்டபத்தில் வரவேற்பு இசை கூடாது, நீராட்டு கூடாது, சந்தனமும் அகிலும் கிட்டவும் வரக்கூடாது. அக்கா எப்படி இருக்கிறாரோ அப்படியே வரட்டும்.

ஓலையைக் கொற்றியே கொண்டுவருகிறாள். உடன் ஒரு சிறு பொதியும் தருவாள். அதில் இருப்பது நேற்றைய படுக்கையின் வைக்கோல்; வெள்ளை மயிரும் பழுப்பு மயிரும் பிரித்தெடுக்க இயலாதவாறு அதில் கலந்திருப்பதைத் தாங்களே காணலாம். இன்று காலை இரண்டும் ஒரே கலத்தில் முள்ளங்கி இலை தின்றன என்பதையும், கடைசி இலையின் இரு முனைகளையும் கடித்துக்கொண்டே வந்து மூக்கோடு மூக்கு முட்டி நின்றன என்பதையும் அவள் வாய்மொழியாகக் கூறுவாள். தங்கள் நிபந்தனை நிறைவேறிற்று என்று சொல்லும் உரிமையும் அவளுக்கே உரியது.

பாகப்பிரிவினை ஓலையின் படியில் நான் எழுதிய ‘இரண்டு’ என்ற சொல் இன்று அடிக்கப்பட்டது. தந்தையார் எழுதியபடியே ‘இணை ஒன்று’ என்று மீண்டும் பொறிக்கப்பட்டது. திருத்தம் செல்ல இரு இலச்சினையும் வேண்டும். நெடுங்கோ மன்னரின் முத்திரையில் அருகருகே நின்ற நாரைகளில் ஒன்று பிரிவினையில் தங்களிடம் வந்தது. மற்றொன்று எங்களிடம் இருக்கிறது. எங்கள் நாரையை வலப்புறம் பொறித்து, இடப்புறத்தை விட்டு வைத்துள்ளோம்.

இவ்வோலை காண்க, கண்டபடி செய்தருள்க. வடகரை வாழ்க, தென்கரை வாழ்க, இடையில் ஓடும் ஆறு படகுக்குப் போதுமான நீரோடு வாழ்க. என்னைத் தண்டிக்கத் தாங்கள் விரைந்து வரவேண்டும் என்று இனி ஒவ்வொரு காலையும் வேண்டிக்கொள்வேன்.

தென்கரைத் துறையிலிருந்து தங்களுக்காகப் புறப்பட்ட வெறும் படகு தங்கள் துறையில் நிற்கிறது. மண்டபத்தில் பாய் விரித்தாயிற்று.